முழக்கோல் பிடித்த உபாத்தியாயர்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டிலும் கைப்பொருள் கரையும். இரண்டிலும் ஊரார் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பழைய தஞ்சை ஜில்லாவில் இன்று வீடு கட்டுகிறவருக்கு மூன்றாவதாக ஒரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. கட்டிய வீட்டை இடித்துப் பார்ப்பதுதான் அது.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் ஆகிய ஊர்களின் ஓரங்களில், நேற்றுவரை நெல் விளைந்த நிலங்களில், புதிய 'நகர்'கள் எழுந்திருக்கின்றன. வங்கியில் கடன் வாங்கி, மனைவியின் நகையை அடகு வைத்து, ஒரு குடும்பத் தலைவர் அங்கே வீடு கட்டிக் குடிபுகுகிறார். ஆறு மாதம் கழித்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. அல்லது கடையில் வியாபாரம் மந்தமாகிறது. உடனே உறவினர் ஒருவர் வாஸ்து பார்ப்பவரை அழைத்து வருகிறார். அவர் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறார். "அடுப்படி இடம் மாறி இருக்கிறது. மாடிப்படி ஈசானிய மூலையில் ஏறுகிறது. இதை வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாக இருப்பீர்கள்?" என்று கேட்கிறார். மறுவாரம் கொத்தனார் கடப்பாரையோடு வந்து நிற்கிறார். கடனில் முதல் தவணைகள் கட்டி முடிவதற்குள் சுவர் இடிபடுகிறது.

இந்த அச்சத்துக்கு மருந்து வெளிநாட்டில் இல்லை. எந்தச் சாஸ்திரத்தின் பெயரால் அச்சம் விற்கப்படுகிறதோ, அந்தச் சாஸ்திரத்தையே வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிப் பாடமாக நடத்திய ஒரு தமிழரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர்தான் வை. கணபதி ஸ்தபதி.

தஞ்சைக்குத் தச்சன் புதியவன் அல்லன்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்ப்பவர்கள் ராஜராஜ சோழனை நினைக்கிறார்கள். நினைக்க வேண்டியதுதான். ஆனால் கோயிலைத் திட்டமிட்டுக் கட்டியவரின் பெயரும் அங்கே கல்லில் இருக்கிறது. 'வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன்' என்பது அந்தப் பெயர். வேலை செய்தவனின் பெயரை அரசன் தன் கோயிலில் பொறிக்கச் செய்தான் என்றால், அன்று அந்தத் தொழிலுக்கு இருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

தஞ்சைச் சமவெளியில் கருங்கல் மலை கிடையாது. காவேரி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் எங்கும். கல் முழுவதும் வெளியிலிருந்து வர வேண்டும். அப்படி வந்த கல்லைக் கொண்டு 200 அடிக்கு மேல் விமானத்தை எழுப்பி, 1010ஆம் ஆண்டில் அதன் உச்சியில் கலசம் வைத்தார்கள். ஆயிரம் ஆண்டு கடந்தும் அது நிற்கிறது என்றால், காரணம் கணக்கு. எந்தக் கல் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த அகலத்தில் தொடங்கினால் எந்த உயரத்துக்குப் போகலாம் என்ற கணக்கு.

இந்தக் கணக்கு பல நூற்றாண்டுகளாகக் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. தகப்பன் மகனுக்குச் சொன்னான்; மகன் பேரனுக்குச் சொன்னான். ஏடுகள் பெட்டிக்குள் இருந்தன. சொல்லாமல் கண்ணை மூடிய பெரியவரோடு சில கணக்குகளும் மறைந்திருக்கும். குலவித்தை கல்லாமல் பாகம் படும் என்பார்கள். அது கற்பவனுக்கு நன்மை. கற்க விரும்பும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கோ கதவு சாத்தியே இருந்தது.

பட்டறையிலிருந்து பள்ளிக்கு

கணபதி ஸ்தபதி 1927இல் பிறந்தவர். காரைக்குடிக்கு அருகிலுள்ள பிள்ளையார்பட்டி அவருடைய ஊர். தந்தை வைத்தியநாத ஸ்தபதி பெயர்பெற்ற சிற்பி. அந்த வீட்டில் உளிச்சத்தம் கேட்டே பிள்ளைகள் கண் விழித்திருப்பார்கள். ஆனால் கணபதி உளியோடு நிற்கவில்லை; கல்லூரிக்கும் போய்க் கணிதம் படித்தார். பிற்காலத்தில் அவருக்கு அமைந்த பெருமைகளுக்கெல்லாம் இந்த இரண்டும் ஒருவரிடம் சேர்ந்ததே அடிப்படை. கல்லைத் தொட்டுப் பழகிய கையும் கணக்கைக் காரணத்தோடு சொல்லத் தெரிந்த மனமும் ஒரே ஆளிடம் அமைவது அரிது.

1957இல் சென்னை அரசாங்கம் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. அதற்குத் தலைமை ஏற்றவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பிறகு அந்தப் பொறுப்பு மகனிடம் வந்தது. 27 ஆண்டுகள் கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தார். பயிற்சிப் பள்ளி கல்லூரியாக வளர்ந்தது. பட்டம் தரும் படிப்பும் வந்தது. அரசினர் கல்லூரி என்பதால் எந்த வீட்டுப் பிள்ளையும் விண்ணப்பம் போடலாம் என்றாயிற்று. பெட்டிக்குள் இருந்த ஏடு பாடத்திட்டமாயிற்று.

இதை ஒரு சாதாரண உத்தியோக மாற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. பரம்பரைத் தொழிலாளி ஒருவர் தன் வீட்டு ரகசியத்தை ஊருக்குப் பொதுவாக்குவது எளிதான காரியமா? சொந்தக்காரர்கள் முகம் சுளிக்க இடமுண்டு. பட்டம் பெற்ற பொறியாளர்களோ, "கோயில் கட்டுகிறவருக்குக் கல்லூரி எதற்கு?" என்று கேட்கக்கூடியவர்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பாடம் நடத்தினார் அவர்.

அந்தக் கல்லூரியின் கைவேலையைப் பார்க்கக் காவேரிக்கரைக்காரர்கள் அதிக தூரம் போக வேண்டாம். ஆறு கடலில் கலக்கும் பூம்புகாரில், 1973இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில், கண்ணகியின் கதையைக் கல்லில் சொல்லும் சிற்பங்கள் மாமல்லபுரத்துக் கைகள் செதுக்கியவை. தஞ்சையில் 1981இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நூலகக் கட்டடமும் நிர்வாகக் கட்டடமும் கணபதி ஸ்தபதி வடிவமைத்தவை. கன்னியாகுமரிப் பாறைமேல் 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையை உலகமே அறியும். அதன் உயரம் 133 அடி. குறளின் அதிகாரங்களும் 133. பீடம் 38 அடி. அறத்துப்பால் அதிகாரங்கள் 38. மேலே நிற்கும் உருவம் 95 அடி. பொருளும் இன்பமும் சேர்ந்து 95 அதிகாரங்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து மோதியபோதும் அது அசையாமல் நின்றது.

ஓய்வுக்குப் பின் ஒரு தொழில்

1988இல் அவர் ஓய்வு பெற்றார். உபாத்தியாயர் ஓய்வு பெற்றால் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கலாம்; பேரப்பிள்ளைகளோடு விளையாடலாம். அவரோ கோயில் வேலைகளோடு, சாதாரண மனிதர் குடியிருக்கும் வீட்டையும் கையில் எடுத்துக்கொண்டார். வாஸ்து ஆராய்ச்சிக்கென்று ஓர் அமைப்பை நிறுவினார், புத்தகங்கள் எழுதினார், வீடுகளுக்கு வரைபடம் போட்டார். அவரிடம் பாடம் கேட்டுப் போன வெளிநாட்டார் அமெரிக்காவிலும் அந்த முறையில் வீடுகள் கட்டினார்கள்.

அந்த முறையில் என்ன இருக்கிறது? மனையை நீளத்தில் 9, அகலத்தில் 9 என்று 81 கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். நடுவிலுள்ள 9 கட்டங்கள் பிரம்மஸ்தானம். அங்கே சுவரோ தூணோ வரக் கூடாது. அது வெட்டவெளியாக இருக்க வேண்டும். அதைச் சுற்றித்தான் மனிதர் புழங்கும் அறைகள். அளப்பதற்கு முழக்கோல். எட்டு யவம் ஓர் அங்குலம், 24 அங்குலம் ஒரு முழம் என்பது சிற்ப நூல் வாய்பாடு. தமிழ்நாட்டுத் தச்சு முழக்கோல், இன்றைய அடிக்கணக்கில் 2 அடி 9 அங்குலம். வீட்டின் சுற்றளவு இந்தக் கோலால் அளந்து முடிவாகிறது. அந்தச் சுற்றளவை ஒட்டியே அறைகளின் நீள அகலமும் கதவின் உயரமும் அமைகின்றன. ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு கணக்கால் கட்டுப்பட்டிருக்கிறது. சங்கீதத்தில் தாளம் செய்யும் வேலையைக் கட்டடத்தில் அளவு செய்கிறது.

தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு இந்த நடு வெளியைப் பார்த்தால் ஏதோ ஞாபகம் வர வேண்டுமே! அதுதான் தாத்தா வீட்டு முற்றம். திண்ணை, அதைக் கடந்தால் ரேழி, பிறகு கூடம், கூடத்தின் நடுவே முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்னால் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் கொல்லை. சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே போகும். திண்ணைப் பக்கத்திலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டுகிற மழை முற்றத்தில் விழுந்து சலதாரை வழியாக வெளியேறும். அறுவடை நெல் பத்தாயத்துக்குப் போகும். வெள்ளம் வந்தாலும் படியேறாதபடி தரை மட்டம் உயர்ந்திருக்கும். கட்டிய கொத்தனார் மயமதம் படித்தவராக இருந்திருக்க மாட்டார். ஆனால் மழை எந்தப் பக்கத்திலிருந்து சாரலடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மேல்நாட்டிலும் ஓர் உபாத்தியாயர்

உபாத்தியாயர் வீடு கட்டப் புகுந்தால் அளவில் கண்டிப்பு வந்துவிடும் போலிருக்கிறது. ஆஸ்திரியா நாட்டுத் தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைன் 1920 முதல் 1926 வரை கிராமப் பள்ளிகளில் சிறுவர்களுக்குப் பாடம் சொன்னவர். அதை விட்ட பிறகு வியன்னா நகரில் தம் சகோதரிக்கு வீடு கட்டும் வேலையில் இறங்கினார். 1928இல் வீடு முடியும் தறுவாயில், ஒரு பெரிய அறையின் மேல்தளம் 3 சென்டிமீட்டர் உயர வேண்டும் என்று சொல்லி மாற்றி அமைக்கச் செய்தாராம். சகோதரி செல்வச் சீமாட்டி, செலவைத் தாங்கினார்.

இரண்டு உபாத்தியாயர்களுக்கும் அளவில் பிடிவாதம் ஒன்றுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. விட்கன்ஸ்டைன் அந்த வீட்டோடு கட்டட வேலையை விட்டுவிட்டுத் தத்துவத்துக்குத் திரும்பினார். அவருக்குப் பின் அந்த அளவைச் சொல்லிக்கொடுக்க மாணவர் பரம்பரை இல்லை. கணபதி ஸ்தபதி வடிவமைத்த இறைவன் கோயில், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில், அவர் 2011 செப்டம்பரில் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு 2023இல் குடமுழுக்குக் கண்டது. தொடங்கியவர் இல்லாமலே வேலை நிறைவேறிற்று. கற்றுக்கொடுத்தவன் வேலை அப்படித்தான் நடக்கும்.

எதை ஏற்பது, எதை விடுவது?

2009இல் பத்மபூஷண் விருது பெற்ற பெரியவர் என்பதற்காக அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சிற்ப நூல்கள் போற்றும் மயனையும் அமெரிக்கக் கண்டத்து மாயர்களையும் அவர் இணைத்துப் பேசினார். அங்கே நேரில் சென்று அளந்தும் பார்த்தார். சரித்திர ஆசிரியர்கள் அந்த உறவை ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டின் அளவு சரியாக இருந்தால் குடியிருப்பவரின் வாழ்வும் மனமும் செழிக்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. நம்பிக்கையாக அதை மதிக்கலாம். நிரூபணமான விஞ்ஞானம் என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் கற்பித்தது ஒரு முழுமையான தொழில். மண் பரிசோதனை, அளவு, சுவர், தூண், கூரை என்று அடி முதல் முடி வரை வரிசையாக வரும் பாடம். அதைப் படிக்க ஆண்டுகள் ஆகும். இன்று வாஸ்து என்ற பெயரில் வீட்டுக்கு வீடு விற்பனையாவது அந்தப் பாடத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து கிழித்த ஒரு துண்டு. இத்தனை அடி இருந்தால் செல்வம், இத்தனை அடி இருந்தால் வறுமை. இந்த மூலையில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் ஆபத்து. காரணம் கேட்டால் பதில் கிடையாது. பயந்தவனிடம் பணம் வாங்குவது சுலபம். அவனுக்குப் பாடம் சொல்வது கஷ்டம். உபாத்தியாயருக்கும் வியாபாரிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கட்டடத்தில் அஞ்ச வேண்டியவை உண்மையிலேயே உண்டு. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். சமையல் கூரையில் பிடித்த நெருப்பு, மாடி வகுப்புகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்கி ஓட வழி குறுகலாக இருந்தது. அந்தப் பிள்ளைகளைக் கொன்றது எந்த மூலையும் அல்ல. கீற்றுக்குப் பக்கத்தில் அடுப்பு, கூட்டத்துக்குப் போதாத படிக்கட்டு. இரண்டும் அளவுக் குற்றங்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையேறியபோது நாகை, திருவாரூர், தஞ்சைப் பகுதிகளில் ஓடுகளும் தகரங்களும் பறந்தன. ஏழைகளின் கூரை ஒரே இரவில் போயிற்று. ஈசானிய மூலையைப் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டுக்கும் காற்று இரக்கம் காட்டவில்லை. கூரையைச் சுவரோடு இறுகப் பிணைத்திருந்தார்களா என்பதைத்தான் காற்று கேட்டது.

360 சதுர அடியின் கேள்வி

வசதியுள்ளவர் சுவரை இடித்துக் கட்டிக்கொள்வார். வயலில் நடவு நட்டுக் கதிர் அறுக்கிற குடும்பம் என்ன செய்யும்? அவர்கள் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வீடு கட்டுவார்கள். 2024இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஒரு வீட்டுக்கு வகுத்த பரப்பு 360 சதுர அடி; தொகை 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். குடிசையிலிருந்து காங்கிரீட் கூரைக்குப் போவது பெரிய மாற்றம்; அதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்தச் சின்ன இடத்துக்குள் அளவு தெரிந்த கை ஒன்று வேண்டும். 81 கட்டம் அங்கே ஏறாது. நடுமுற்றமும் வைக்க முடியாது. முற்றம் செய்த வேலையை வேறு எது செய்யும் என்று யோசிக்கலாம் அல்லவா? எதிரெதிராக இரண்டு சன்னல் வைத்தால் காற்று குறுக்கே ஓடும். சுவரின் மேற்பகுதியில் துவாரம் விட்டால் அடுப்புப் புகையும் வெப்பக் காற்றும் வெளியேறும். வாசலில் இரண்டடி அகலத்துக்கு ஒரு மேடை கட்டினால் பாட்டி உட்காரத் திண்ணை கிடைக்கும். சித்திரை வெயிலில் காங்கிரீட் தளத்தின் கீழ் படுக்க முடியவில்லை என்று குடிசைக்காரர் சொல்வது பொய்யல்ல. தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும். தரை மட்டத்தைத் தெருவுக்கு மேலே உயர்த்தாவிட்டால், ஐப்பசி மழையில் வீடு குளமாகும். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. கட்டத் தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவற்றைச் சொல்லிக்கொடுப்பது யார்? கிராமத்தில் வீடு கட்டுவது கட்டடக் கலைஞர் அல்லர், கொத்தனார். அவருக்குப் பாடம் சொல்ல இங்கே பள்ளி உண்டா? தஞ்சையிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது. சிற்ப நூல்களைத் தமிழ் உரையோடு அச்சிட்ட சரஸ்வதி மகால் நூலகம் இருக்கிறது. ஒன்றியம்தோறும் தொழிற்பயிற்சி நிலையத்திலோ பள்ளிக்கூடத்திலோ, வயல் வேலை இல்லாத கோடை மாதங்களில் மாலை வகுப்பு நடத்தினால் என்ன? பழைய ஓட்டு வீடு ஒன்றை அளந்து பார்ப்பது முதல் பாடமாக இருக்கட்டும். இடிபடுவதற்கு முன்னால் அந்த வீடுகள் கடைசியாக ஒரு தடவை உபாத்தியாயர் வேலை பார்க்கட்டும்.

குடும்பத்துக்குள் இருந்த வித்தையைக் கணபதி ஸ்தபதி கல்லூரிக்குக் கொண்டுவந்தார். கல்லூரியிலிருந்து அதைக் குடியிருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோனார். இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி. அது கொத்தனாரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்துவிட்டால், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வீட்டில் டாக்டரைக் கூப்பிடுவார்கள். கடப்பாரையைத் தேட மாட்டார்கள்.